ஒரு புசல் நெல் அவிக்க எத்தனை லீற்றர் கிடாரம் வேணும்?

[திரையில்: கொட்டிலுக்குள் மூன்று பாத்திரங்கள். 40 லீற்றர் அண்டா, 70 லீற்றர் கிடாரம், 200 லீற்றர் தகரப் பரல்]

காலபோக அறுவடை முடிஞ்சு சோத்துக்கு ஒதுக்கின நெல்லை வீட்டிலேயே அவிக்கப் போறீங்கள். மில்லிலை குருணல் கூடிப்போனால் எல்லாரும் மில்லுக்காரரைத்தான் பேசுவினம். கனதரம் பிழை கிடாரத்திலை இருக்கும்.

கணக்கைப் புசலிலேயே வைப்பம். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. காய்ஞ்ச நெல்லாகக் கொட்டினால் 36 லீற்றர் இடம் பிடிக்கும். ஆனால் அதிலை பாதி, மணிகளுக்கு இடையிலை உள்ள காத்து. தண்ணிக்குள்ளை போட்டால் மணி மட்டும் பிடிக்கிற இடம் 18 லீற்றர்தான்.

அவிக்க முந்தி நெல்லைச் சுடுதண்ணியிலை ஊறவைக்க வேணும். அதுக்குத் தண்ணி எவ்வளவு? நெல்லின்ரை நிறையைப்போல 1.3 மடங்குக்குக் கொஞ்சம் கூட, அதாவது 28 லீற்றர். 18ஓடை 28ஐக் கூட்டினால் 46.

[திரையில்: 18 + 28 = 46 லீற்றர்]

இதைக் குறைக்கலாமோ எண்டு கேப்பீங்கள். குறைக்கக்கூடாது. ஊறி முடியேக்கை ஒரு புசல் நெல் 5 லீற்றர் தண்ணியைக் குடிச்சிடும். மணி பருத்து, நெல்லுப் படுக்கையும் மேலை எழும்பும். போடேக்கை நெல்லுக்கு மேலை நிண்ட தண்ணி கடைசியிலை நெல்லோடை மட்டமாகிவிடும். 40 லீற்றர் அண்டாவிலை ஒரு புசலைத் திணிச்சால் தண்ணிக்கு இடமில்லை; மேல் நெல் அரைகுறையாய் ஊறும். சப்பி, அதாவது உள்ளீடில்லாத நெல், மிதந்து வரேக்கை அள்ளி எறியவும் இடம் வேணும். ஆக ஊறவைக்க மட்டுமெண்டால் 55, 60 லீற்றர்.

அதே கிடாரத்திலைதான் ஆவியிலையும் அவிக்கப் போறீங்களெண்டால் 60 காணாது. ஊறின நெல் இப்ப 46 லீற்றருக்கு வந்திட்டுது. அடியிலை ஓட்டைத் தட்டு, அதுக்குக் கீழை 6 லீற்றர் தண்ணி. கொதிக்கேக்கை தண்ணி தட்டைத் தொடக்கூடாது. தொட்டால் அடிநெல் குழைஞ்சு கஞ்சியாகும். அந்த இடைவெளியோடை 75 லீற்றர் எடுங்கோ, இல்லாட்டி நெல்லைப் பிரிச்சு ரண்டு தரமாய் அவியுங்கோ.

[திரையில்: 200 லீற்றர் பரலின் அடியில் ஒரு புசல் நெல்]

பெரிசாய் வாங்கினால் எல்லாத்துக்கும் உதவும் எண்டு நினைக்கிறது இன்னொரு பிழை. இந்தப் பரலிலை ஒரு புசல் ஒரு சாண் உயரம்கூட நிக்காது. மேலை முழுக்க வெறும் தகரமும் காத்தும், சூடு அதாலை ஓடிவிடும். நெல்லு ஊற வேண்டியது 70 பாகை அளவிலை. சூடு கெதியாய் இறங்கினால் மணியின்ரை நடுவுக்குத் தண்ணி போகாது. 200 லீற்றர் பரலுக்கு 3 புசல் சரியான அளவு. 4 புசல் போட்டால் 184 லீற்றர், கிண்ட இடமிராது.

  

இனிச் சூடு. வெப்பமானி இல்லாட்டியும் பரவாயில்லை. 22 லீற்றர் கொதிதண்ணியிலை 6 லீற்றர் கிணத்துத் தண்ணியைக் கலவுங்கோ: 85 பாகை வரும். நெல்லைக் கொட்டிக் கிண்டினவுடனை 70க்கு இறங்கும். கொதிதண்ணியை அப்பிடியே ஊத்தினால் உமி ஊறேக்கையே வெடிச்சு, அரிசி உருமாறி, மாச்சத்து தண்ணியோடை போயிடும். மூடி, மேலை ரண்டு மூண்டு சாக்குப் போட்டு 4 மணித்தியாலம் விடுங்கோ. நெல்லினத்துக்கு ஏத்தமாதிரி நேரம் கூடிக் குறையும், ஆனபடியால் மணிக்கூட்டை மட்டும் நம்பாதேங்கோ.

[அண்மைக்காட்சி: நகத்தால் உமி நீக்கிய மணி, பிளேட்டால் குறுக்கே வெட்டியபடி]

வெட்டுமுகத்தைப் பாருங்கோ. நடுவிலை சுண்ணாம்புபோல வெள்ளைப் பொட்டு நிண்டால் இன்னும் ஊறேல்லை. இந்த நெல்லை அவிச்சால் பொட்டு வயித்து வெள்ளையாய் நிக்கும், மில்லிலை அதிலைதான் முறியும். மேலை, நடு, அடி மூண்டு இடத்திலையும் எடுத்துப் பாக்க வேணும். மேலை மட்டும் வெள்ளையெண்டால் தண்ணி காணாது. எல்லா இடத்திலையும் வெள்ளையெண்டால் சூடு இறங்கிட்டுது, இல்லாட்டி நேரம் போதேல்லை.

கடையிலை கிடாரத்திலை லீற்றர் எழுதியிராது. உள் அகலத்தை அகலத்தாலையே பெருக்கி, பிறகு உயரத்தாலை, பிறகு 0.785ஆலை பெருக்கி, ஆயிரத்தாலை பிரியுங்கோ. எல்லாம் சென்றிமீற்றரிலை. 45 அகலம், 45 உயரம் எண்டால் 71.5 லீற்றர். அடி வளைஞ்ச கிடாரமெண்டால் கொஞ்சம் குறையும்; வாளியாலை தண்ணி அளந்து ஊத்திப் பாக்கிறது நிச்சயம். அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒண்டாய் இருக்கிறதாய் எடுங்கோ. தாச்சி மாதிரி விரிஞ்சது வேண்டாம், அதிலை சூடும் நிக்காது, ஆவியும் ஒரு பக்கத்தாலை வழி கண்டு வெளியேறிவிடும்.

பழைய பரல் வாங்கிறதெண்டால் முந்தி அதுக்குள்ளை என்ன இருந்ததெண்டு கேளுங்கோ. மருந்து, எண்ணெய் இருந்தது எவ்வளவு கழுவினாலும் சோத்துக்கு ஆகாது. துருப்பிடிச்ச தகரம் அரிசியிலை கறை ஏத்தும். நீலப் பிளாஸ்ரிக் பரல் பச்சைத்தண்ணியிலை ஊறப்போட மட்டும். பச்சைத்தண்ணியிலை நெல் ஊற ஒண்டு ரண்டு நாள் எடுக்கும், இடையிலை தண்ணி மாத்தாட்டில் அரிசி நாறும்.