பசை இறுக எந்த ஒளி?

நேயர்களுக்கு வணக்கம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவர்களுக்கு இது புதிதல்ல: ஷீட்டைக் கடும் வெயிலில் விட்டுவைத்தால் பிசுபிசுத்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. அதே கதிர் இப்படி நீண்ட சங்கிலிகளால் ஆன வேறு சில பொருள்களில், அதாவது பாலிமர்களில், சங்கிலிகளைப் பின்னி இறுக்கவும் செய்யும். அதற்கு ஒளியை உறிஞ்சி வேலையைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருள் உள்ளே இருக்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் சொத்தைப் பல்லை அடைக்கப் போனவர்கள் அந்த நீல விளக்கைப் பார்த்திருப்பீர்கள். மெத்தென்ற பசை சில விநாடிகளில் கெட்டியாகிவிடும். அந்தப் பசைகள் பலவற்றில் கற்பூரத்திலிருந்து பெறப்படும் காம்ஃபர்குவினோன் என்னும் மஞ்சள் பொருள் துளியளவு கலந்திருக்கிறது. சுமார் 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத்தான் அது நன்றாக உறிஞ்சும். சிவப்பு விளக்கை எவ்வளவு நேரம் பிடித்தாலும் பசை அசையாது. மருத்துவர் முன்னால் பிடிக்கும் ஆரஞ்சுத் தகடு, அந்த நீலம் கண்ணில் படாமல் தடுப்பதற்குத்தான்.

நகப்பூச்சுக்கும் முப்பரிமாண அச்சில் பயன்படும் ரெசின் என்னும் பிசின் திரவத்துக்கும் பெரும்பாலும் 365 அல்லது 405 நானோமீட்டர் விளக்கு. அலைநீளம் குறைந்தால் ஒளியின் ஆற்றல் கூடும், உண்மைதான். ஆனால் அடுக்கு தடிமனாக இருந்தால் அந்த ஒளியை மேல்பரப்பே விழுங்கிவிடுவதால் மேலே தோல் கட்டி, அடியில் கூழாகவே நின்றுவிடலாம். வளைந்து கொடுக்க வேண்டிய மென்மையான பொருளுக்கு இது பெரிய கேடு. வளைத்தவுடன் தோல் வெடிக்கும். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்திருந்தால் இன்னும் மோசம். 400க்குக் கீழுள்ள ஒளியை அதுவே பிடித்துக்கொள்ளும். பல் மருத்துவர் பசையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து இறுக்குவதும் ஒளி ஆழம் போகாது என்பதால்தான்.

கடையில் வாட் எத்தனை என்று மட்டும் கேட்டு விளக்கு வாங்குகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். புட்டியில் போட்டிருக்கும் நானோமீட்டர் எண்ணையும் விளக்கின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே இறுகாமல் நிற்கும் அக்ரிலேட் என்னும் மூலப்பொருள் தோலில் பட்டு ஒவ்வாமை உண்டாக்கலாம். நகப்பூச்சுத் தொழில் செய்யும் பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எண் பொருந்தியும் மேல்பரப்பு ஒட்டுகிறதா? அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் வேலை. அச்சிட்ட ரெசின் பொருளைக் கழுவியபின் கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி 405 விளக்கின் கீழ் வையுங்கள். காற்று படாததால் மேல்பரப்பும் இறுகிவிடும்.