பல்லி இல்ல, நடுவர் அவர்களே!

நடுவர் அய்யாவுக்கும் சபைக்கும் வணக்கம், மத்த மரியாதையெல்லாம் கடைசில பாத்துக்கலாம். 1934ல விக்டர் சாவில் எடுத்த 'எவர்கிரீன்'ங்கிற பிரிட்டிஷ் பாட்டுப் படத்தை இன்னிக்கும் தூக்கி நிறுத்துறது கதையா, பாட்டும் ஆட்டமுமான்னு தலைப்பு. நாங்க பாட்டு அணி.

எதிரணி அண்ணன் கதைதான்னு அடிச்சு சொல்லிட்டுப் போனாரு. என்னண்ணே கதை? லண்டன் மேடைல கொடிகட்டிப் பறந்த ஹாரியட் கிரீன் ஒருநாள் காணாமப் போயிடுறா. வருஷங்கழிச்சு மக வர்றா, அச்சு அசல் அம்மா. ரெண்டு வேஷமுமே நடிகை ஜெஸ்ஸி மேத்யூஸ்தான், வேற எப்படி இருக்கும்! உடனே விளம்பரக்காரப் பையன் ஒருத்தன் "பழைய ஹாரியட்டே வந்துட்டாங்க, வயசே ஆகல"ன்னு கிளப்பிவிட ஊரே நம்பிடுது. இப்பதான் கூத்து, அவனையே அவளுக்கு மகன்னு சொல்லி வெச்சதால, ஊரு கண்ணுக்கு அந்தப் பையன் அவளுக்கு மகன். ஆனா ரெண்டும் லவ்வு! நடுவர் சிரிக்கிறாரு, பின்வரிசைக்கு இன்னும் புரியல, திரும்ப சொல்றேன். சுத்தி ஆள் இருந்தா அவ அவனுக்கு அம்மா. ஆள் போனா? "அம்மா"ன்னு கூப்பிட்ட வாயாலயே எப்படிய்யா ஐ லவ் யூ சொல்லுவான், நாக்கு சுளுக்கிக்காதா? (சரி சரி, இது கதை அணிக்குப் போற பாயிண்டுதான், கைதட்டல் எனக்கு வந்துச்சுல்ல, விடுங்க.)

அண்ணன் இன்னொண்ணு கேட்டாரு, "கூரைல ஆடுறான்னு ஒரு பாட்டாம், கூரைல ஆட பல்லி போதாதா?"ன்னு. அண்ணே, பாட்ட கேட்டீங்களா? ராட்ஜர்ஸ் மெட்டு, ஹார்ட் வரிகள். ராத்திரி தூக்கம் வராம படுத்திருக்கிறவ கண்ணுக்கு காதலன் உத்தரத்துல ஆடுற மாதிரி தெரியுது. 1930ல இதையே நாடகமா போட்டப்ப தரைலருந்து ஒரு பெரிய சரவிளக்கை தலைகீழா நிக்க வெச்சு, அதைச் சுத்தி ஆடவிட்டாங்க, பாக்குறவனுக்கு மேடையே கூரையாயிடுச்சு. பல்லிக்கு எவன்ணே சரவிளக்கு வெப்பான்? காதலிச்சுட்டு ஒருநாளாவது மோட்டுவளைய பாத்துட்டு படுத்திருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது, அண்ணிகிட்டயே கேட்டுக்கறேன்.

மணி அடிக்காதீங்க நடுவரே, ஒண்ணே ஒண்ணு. அந்த அம்மாக்காரி ஹாரியட் மேடைல "அப்பா எனக்கு நாய்க்குட்டி வாங்கித் தரல"ன்னு குழந்தை மாதிரி கொஞ்சிப் பாடுவா, கூட்டம் சிரிக்கும். அவளுக்கு கல்யாணமாகாம பொறந்த பொண்ணுதான் நான் முதல்ல சொன்ன மக. அதோட அப்பன் வருவான், நாய்க்குட்டியோட இல்ல, பணம் கேட்டு மிரட்ட. அதுக்கப்புறம்தான் அவ மேடைய விட்டே போறா. இப்படி ஒரு கஷ்டத்த மனசுல வெச்சுக்கிட்டு அந்தப் பாட்ட அவ எப்படி சிரிச்சுக்கிட்டே பாடியிருப்பா... மணி அடிச்சாச்சா? சரி, உக்காந்துக்கறேன்.