பரசூட் கொமாண்டோக்கள்: குதிப்பது சுலபம், பிறகு?

வணக்கம் உறவுகளே. சிறப்புப் படை என்றதும் பலருக்கு வானத்திலிருந்து குடை விரித்து இறங்குகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு நினைவு வருவது வேறு. மரத்துக்கு மேலால் பதிந்து வரும் ஹெலிச் சத்தம், இல்லாவிட்டால் காட்டு வீதியில் வெடிக்கிற கிளைமோர்க் கண்ணிவெடி. பரசூட்டுக்கென்று தொடங்கிய படை எப்படி இந்த இடத்துக்கு வந்தது? அதைத்தான் இன்று பார்க்கிறோம்.

[திரையில்: கிரீட் தீவின் வரைபடம்]

1941 மே மாதம் ஜேர்மனியர்கள் கிரீட் தீவை வான்வழிப் படையை வைத்தே பிடித்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்தார்கள். இனி இந்த அளவில் வேண்டாம் என்று ஹிட்லர் முடிவெடுத்தார். வேடிக்கையைப் பாருங்கள், அதே சண்டையைப் பார்த்துவிட்டு நேச நாடுகள் தங்கள் பரசூட் படைகளை அவசரமாகப் பெருக்கத் தொடங்கின. அதே ஆண்டு ஒக்டோபரில் டெல்லியில் 50ஆவது இந்தியப் பரசூட் பிரிகேட் உருவானது. 1945 மே 1ஆம் திகதி, ரங்கூனுக்குத் தெற்கே எலிஃபன்ட் பொயின்டில், அதன் கூர்க்கா வீரர்கள் குதித்தார்கள்.

இந்தப் படையின் பலவீனம் குதிப்பதில் இல்லை. குதிக்கிறவர் உடம்பில் கட்டிக்கொண்டு வருவதுதான் அவருடைய களஞ்சியம். துப்பாக்கி, கொஞ்சம் ரவை, தண்ணீர். டாங்கி கிடையாது, பெரிய பீரங்கி கிடையாது. ஆகவே தரைப்படை வந்து சேரும்வரை பிடித்த இடத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். அது வராவிட்டால் கதை முடிந்தது.

1944 செப்டெம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெமில் அதுதான் நடந்தது. தரைப்படை இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று சொல்லித்தான் பிரித்தானிய வீரர்களை இறக்கினார்கள். வரவில்லை. இறங்கியவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் அதில் கால்வாசி அளவுதான். இதற்கு நேர்மாறு 1971 டிசெம்பர் 11, கிழக்குப் பாகிஸ்தானின் டாங்கைல். இந்தியாவின் 2ஆவது பரா (பரசூட்) பட்டாலியன் குதித்துப் பூங்லி பாலத்தைப் பிடித்தது. தரைப்படை சொன்னபடி வந்து சேர்ந்தது. ஐந்து நாளில் டாக்காவில் சரணடைவு.

[திரையில்: மரூன் நிறத் தொப்பி, சிறகுச் சின்னம்]

பட்டாலியனாகக் குதிப்பதை விட்டுச் சின்னக் குழுவாக ஊடுருவும் வேலை இந்தியாவில் 1965 போரோடு வந்தது. மேஜர் மேக் சிங் திரட்டிய சிறு படைதான் அதற்கு வித்து. அடுத்த ஆண்டே 9 பரா கொமாண்டோ, அதிலிருந்து பிரிந்து 10 பரா கொமாண்டோ. 1971இல் இந்த 10ஆவது அணி சிந்து மாகாணத்தின் சாச்ரோவைத் தாக்கியது. எதில் போனார்கள் தெரியுமா? ஜீப்பில்! தலைமை தாங்கியவர் ஜெய்ப்பூர் அரச குடும்பத்து பவானி சிங். பரசூட் வீரருக்கான சிறகுச் சின்னம் நெஞ்சில் இருக்கும், வேலை பெரும்பாலும் தரையில். பிறகு ஏன் இன்னும் குதிக்க வைக்கிறார்கள் என்றால், இரவில் விமானக் கதவில் நின்று காலை எடுத்து வைக்கத் துணிகிறவரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல சோதனை இல்லை.

இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு வந்த அதே 10ஆவது அணிதான் 1987 ஒக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலியில் இறங்கியது. புலிகள் வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். கூடவே இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கொமாண்டோக்களை மீட்க டாங்கிகள் வர வேண்டியிருந்தது.

[திரையில்: முல்லைத்தீவு – அளம்பில் கரையோரம்]

இனி எங்கள் பக்கம். 1996 ஜூலை 18 அதிகாலை, 'ஓயாத அலைகள்' நடவடிக்கையில் முல்லைத்தீவுத் தளத்தைப் புலிகள் தாக்கினார்கள். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமி. உதவிக்கு இலங்கை இராணுவத்தின் சிறப்புப் படையை ஹெலியில் அளம்பிலில் இறக்கினார்கள். தலைமை லெப்டினன்ட் கேணல் ஃபஸ்லி லாஃபிர். உதவி வரும் என்பதைப் புலிகள் எதிர்பார்த்தேயிருந்தார்கள்.

வன்னிக் காட்டைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த இடத்தில் ஹெலி இறங்க முடியாது. மிஞ்சுவது வயல்வெளி, வற்றிய குளம், கடற்கரை. அந்த வெளிகள் எங்கே என்று மாடு மேய்க்கிற பொடியனுக்கும் தெரியும். இறங்கிய இடத்திலிருந்து தளத்துக்குச் சில கிலோமீற்றர்தான், ஆனாலும் உரிய நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. மறுநாள் லாஃபிர் இறந்தார். நாட்டின் அதியுயர் வீர விருது அவருக்குப் பிறகு வழங்கப்பட்டது. தளம் விழுந்தது.

அப்புறம் முறையே மாறியது. ஹெலி வேண்டாம், சத்தம் வேண்டாம், நடந்தே வருவது. அதுதான் சனம் 'ஆழ ஊடுருவும் படை' என்று சொன்ன அணி. சில பேர் சேர்ந்த குழு நாள்கணக்கில் காட்டுக்குள் இருந்து, கிளைமோர் வைத்துவிட்டுப் போய்விடும். 2001 செப்டெம்பர் 26இல் ஒட்டுசுட்டான் பகுதியில் புலிகளின் தளபதி கேணல் சங்கர் கொல்லப்பட்டது இப்படித்தான். நிலத்தைப் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை என்பதால் தரைப்படைக்காகக் காத்திருக்கும் அந்தப் பழைய சிக்கலும் இல்லை. படைத்துறைக் கணக்கில் பெரிய வெற்றி என்பார்கள்.

ஆனால் அந்த வீதிகளால் போனது போராளிகளின் வாகனங்கள் மட்டும் இல்லையே. 2008 ஜனவரி 29இல் மடுப் பக்கம் தட்சணாமடுவில் கிளைமோரில் சிக்கியது பேருந்து, அதில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். ஏப்ரல் 20இல் மல்லாவிப் பக்கம் மனித உரிமைப் பணியாளரான கருணாரத்தினம் அடிகளார் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் புலிகள் ஆழ ஊடுருவும் அணியைக் குற்றம் சாட்டினார்கள், இராணுவம் மறுத்தது. எங்கே இறங்குவார்கள் என்று அளம்பிலில் கணிக்க முடிந்தது. எந்த வளைவில் வைத்திருப்பார்கள் என்று மடு வீதியில் பேருந்து ஓட்டியவருக்குக் கணிக்க வழியே இருக்கவில்லை.