நினைப்பு எதுவரை செல்லும்?

அவையினருக்கு வணக்கம்.

நேர்மறைச் சிந்தனையின் ஆற்றலை அறிவியல் விளக்குமா என்று கேட்டால், பாதியை விளக்குகிறது, மீதியை மறுக்கிறது. எது பாதி, எது மீதி என்பதில்தான் குழப்பம். 'பாசிட்டிவ் திங்கிங்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. "இந்த மருந்து எனக்குக் கேட்கும்" என்று எதிர்பார்ப்பது ஒன்று. எதிலும் நல்லதே நடக்கும் என்று நம்புகிற சுபாவம் இன்னொன்று. வேலை கிடைத்துவிட்டதாகவும் எடை குறைந்துவிட்டதாகவும் கண்ணை மூடிக் கற்பனை செய்வது மூன்றாவது. மூன்றும் வேலை செய்யும் விதம் வேறு வேறு. மூன்றாவது பல நேரங்களில் ஆளைப் பின்னுக்கே இழுக்கிறது.

எதிர்பார்ப்பிலிருந்து தொடங்குவோம். ஆய்வு மிக ஆழமாகப் போயிருப்பது இதில்தான். 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டதும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலாக்சோன் கொடுத்தார்கள். வலி திரும்பி வந்தது. நலாக்சோன், மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து. அப்படியானால் வெறும் ஊசி தந்த நிவாரணமும் அதே ஏற்பிகள் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். மூளை தன்னிடமுள்ள எண்டார்ஃபின்களை, அதாவது உடலே தயாரிக்கும் வலிநிவாரணிகளைச் சுரந்திருக்கிறது. 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்கிவந்த விஷயத்துக்கு வேதியியல் முகவரி கிடைத்தது அப்போதுதான்.

2001இல் பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. வெறும் உப்புநீரை மருந்து என்று சொல்லிச் செலுத்தி, மூளையின் வேதிச் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தால், அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்திருந்தது. அந்த நோயில் குறைந்துபோவதே டோபமைன்தான். இத்தாலியில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழு மறுபக்கத்திலிருந்து வந்தது. வலிநிவாரணியை நோயாளி பார்க்கச் செலுத்துவது ஒருமுறை, அவருக்குத் தெரியாமல் கருவி வழியாகச் செலுத்துவது ஒருமுறை. தெரியாமல் செலுத்தும்போது அதே நிவாரணத்துக்குக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. அதாவது உண்மையான மருந்தின் பலனிலும் ஒரு பங்கு, 'மருந்து உள்ளே போகிறது' என்ற அறிவின் பலன்.

ஏமாற்றினால்தான் இது நடக்கும் என்பதும் இல்லை. 2010இல் டெட் கேப்டசக் குழு, குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். மாத்திரை பெறாதவர்களில் 35 சதவீதம்.

இந்த 35 சதவீதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒன்றுமே கொடுக்காமல் மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மருத்துவரிடம் போகிறார். உச்சத்திலிருந்து அது தானாகவே இறங்கும். அந்த வாரத்தில் அவர் எதைத் தின்றாலும், எதைச் சொல்லி ஜபித்தாலும், பெயர் அதற்குப் போய்விடும். நேர்மறைச் சிந்தனை பற்றிய சாட்சியங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். 1955இல் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் போலி மருந்தால் சுமார் 35 சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்று எழுதியபோதும், சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிட்டு இயல்பான தேறலைக் கழிக்கவில்லை. 2001இல் இரண்டு டேனிஷ் ஆய்வாளர்கள் அந்த ஒப்பீடு உள்ள சோதனைகளை மட்டும் திரட்டினார்கள். வலி போன்று நோயாளியே சொல்ல வேண்டியவற்றில் சிறு பலன் மிஞ்சியது. கருவியால் அளக்கக்கூடியவற்றில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

இந்த எல்லையைத் துல்லியமாகக் காட்டுவது 2011இல் வெளிவந்த ஆஸ்துமா ஆய்வு. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாட்களில் அசல் இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றுமே இல்லை என நான்கும் முறைமாற்றித் தரப்பட்டன. எவ்வளவு தேறியது என்று அவர்களையே கேட்டபோது அசலுக்கு 50 சதவீதம், போலிகளுக்கு 45, 46 சதவீதம், ஒன்றும் தராத நாளுக்கு 21 சதவீதம் என்றார்கள். ஆனால் முதல் ஒரு விநாடியில் நுரையீரல் ஊதித் தள்ளும் காற்றை அளந்தால் அசல் இன்ஹேலரில் 20 சதவீத முன்னேற்றம். மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான். மூச்சு எளிதானதாக உணர்ந்தார்கள், மூச்சுக்குழாய் திறக்கவில்லை. இதில் ஆபத்தும் இருக்கிறது: தேறிவிட்டது என்ற உணர்வை நம்பி இன்ஹேலரைத் தள்ளிப்போடுகிறவர் நெருக்கடியில் மாட்டிக்கொள்வார்.

வலி, குமட்டல், சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் எதிர்பார்ப்புக்குப் பிடி உண்டு. அந்த அனுபவங்களை உருவாக்குவதே மூளை. கட்டியின் வளர்ச்சி அந்தப் பிடிக்குள் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் மனநலனையும் ஆயுளையும் ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வந்தது. மனநலத்துக்கும் உயிர்பிழைப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. "தைரியமாக இருந்தால் போதும், நோய் ஓடிப்போகும்" என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் முற்றினால், தான் சரியாக நம்பவில்லையோ என்ற குற்றவுணர்வும் அந்த நோயாளியின் தலையில் ஏறுகிறது.

சுபாவ நம்பிக்கை பற்றிச் சுருக்கமாக. இதை அளக்க, 1985இல் ஷையர், கார்வர் இருவரும் உருவாக்கி 1994இல் திருத்திய பத்து வாக்கிய வினாத்தாள் இருக்கிறது. அதில் ஆறுக்குத்தான் மதிப்பெண்; நான்கு வெறும் இட்டுநிரப்பல். நம்பிக்கை மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் நிகழ்வுகள் 35 சதவீதம் குறைவு என்று 2019இல் 15 ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு அது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் நம்பிக்கையை யாருக்கும் குலுக்கல் முறையில் பங்கிட்டுக் கொடுத்து இருபது ஆண்டு காத்திருந்து பார்க்க முடியாது. நம்பிக்கையுள்ளவர்கள் புகைப்பது குறைவு, உடற்பயிற்சி அதிகம். வெளியே தெரியாத நோய் ஒன்று முன்னதாகவே ஒருவரைச் சோர்வடையச் செய்திருக்கவும் கூடும். நடத்தை வழியாகப் பலன் வருகிறது என்பதை நான் ஏற்கிறேன். அதற்கு மேல் இந்த எண்களைப் பிழிய வேண்டாம்.

இனி கற்பனை. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்தார். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். மெலிந்த தன்னை இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் குறைத்தார்கள். சிறிய ஆய்வு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். வேலை தேடிய பட்டதாரிகளிடமும் இதே போக்கைக் கண்டார்: வெற்றியை அதிகம் கற்பனை செய்தவர்கள் அனுப்பிய விண்ணப்பமும் குறைவு, இரண்டு ஆண்டு கழித்து வாங்கிய சம்பளமும் குறைவு. 2011 ஆய்வில் காரணம் தென்பட்டது. இனிய கற்பனைக்குப் பிறகு ரத்த அழுத்தத்தின் மேல் எண் இறங்கியது. செயலுக்கான முறுக்கு தளர்ந்துவிடுகிறது. கிடைத்த சுகத்தை, காரியமே முடிந்ததாக மனம் வரவு வைத்துவிடுகிறது.

'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சிக்கும் இதே கதி. 2009 ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் அதைச் சொன்ன பிறகு மனநிலை இன்னும் கீழே போயிற்று. நம்ப முடியாத வாக்கியத்தைச் சொல்லும்போது உள்ளே எதிர்வாதம்தான் எழுகிறது. யாருக்கு அந்த மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்வதில்லை.

சரி, எப்படி நினைத்தால் பயன்? மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், தேர்வுக்கு முன் தினமும் ஐந்து நிமிடம், நல்ல மதிப்பெண்ணைக் கற்பனை செய்தவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எந்தப் பாடத்தை எப்படிப் படிக்கப்போகிறோம் என்று கற்பனை செய்தவர்கள் அதிகம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் பெற்றார்கள். ஓட்டிங்கனின் முறையும் அந்த வழிதான். நான்கு வாரத்துக்குள் முடியக்கூடிய, சவாலான ஒரு விருப்பத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நிறைவேறினால் கிடைக்கும் மிகச் சிறந்த பலனை ஒரு நிமிடம் மனதில் ஓட்டுங்கள். உடனே, உங்களுக்குள் இருந்து தடுப்பது எது என்று கேட்டு அதையும் அதே அளவு தெளிவாகக் காணுங்கள். கடைசியில் 'இன்னது வந்தால் இன்னது செய்வேன்' என்று ஒரு வாக்கியம். இந்தக் கடைசிப் படி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளருடையது. 94 சோதனைகளைத் தொகுத்த 2006 ஆய்வில் அதன் பலன் நடுத்தரத்துக்குச் சற்று மேலாக இருந்தது.

பிசகும் இடங்கள் சில. வரிசையை மாற்றித் தடையை முதலில் நினைத்தால் பலன் காணோம். விருப்பத்துக்கும் தடைக்கும் முடிச்சு விழுவதில்லை. தடையாக மேலதிகாரியையோ நேரமின்மையையோ எழுதினால் நீங்கள் செய்ய எதுவும் மிஞ்சாது. "இரவு போனை எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை" என்பதுபோல் இருக்க வேண்டும். 'செய்ய மாட்டேன்' என்ற எதிர்மறைத் திட்டம் அந்தப் பழக்கத்தையே நினைவூட்டித் தொலைக்கும். பதிலாக என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஒரே நேரத்தில் பல இலக்குகளுக்குத் திட்டம் போட்டால் எதிலும் பிடிப்பு இருக்காது. தடையைப் பார்த்ததும் 'இது நம்மால் ஆகாது' என்று தோன்றினால் முறை தோற்றதாக எண்ண வேண்டாம். நடக்காததைக் கைவிட வைப்பதும் அதன் வேலை.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். என்னென்ன கெடலாம் என்று முன்கூட்டியே பட்டியலிட்டுப் பதற்றத்தை உழைப்பாக மாற்றுகிறவர்கள் உண்டு. 1986இல் நோரெம், கேன்டர் இருவரும் இவர்களை ஆராய்ந்தார்கள். நம்பிக்கையாளர்களுக்குச் சமமாகவே இவர்களும் செய்து முடித்தார்கள். "நீ நன்றாகத்தான் செய்வாய்" என்று ஊக்கப்படுத்தியபோதுதான் இவர்களின் செயல்திறன் குறைந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ தயாராகிறார் என்றால், அவர் புலம்பலை நிறுத்தாதீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறார் என்று மட்டும் கேளுங்கள்.