“எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும்!”

நேயர்களுக்கு வணக்கம்.

எலும்பு முறிந்தவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்பவர்கள் வேறு, கட்டுப் போடுபவர்கள் வேறு. கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கையையும் காலையும் மறுபடி வேலை செய்ய வைப்பது என் பொறுப்பு. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். மடங்காத விரலை மடக்கிப் பழகிக்கொண்டே நடந்ததைச் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது பலர் வாயிலும் வருவது, “அப்பவே சொன்னேங்க, யாரும் காதுல போட்டுக்கலை” என்பது. அவர்களுக்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: “எலும்பு முறிஞ்சா வலிக்கத்தானே செய்யும்!”

முறிந்த எலும்பு வலிக்கும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரசி அசையும்போதுதான் அந்த வலி உச்சத்தில் இருக்கும். எலும்பை நேராக்கி, அசையாதபடி கட்டிவிட்டால் வலி மெல்ல மெல்ல மட்டுப்பட வேண்டும். கட்டுப் போட்ட பிறகும் வலி ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை என்றால், கட்டுக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். நோயாளிக்குப் பொறுமை இல்லை, பயந்த சுபாவம் என்றெல்லாம் நினைப்பது கட்டைத் திறந்து பார்த்த பிறகு வரட்டும்.

கட்டுக்குள் நடக்கக்கூடியவற்றில் மிக மோசமானதற்கு கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். முன்னங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் தசைகள் தனித்தனி அறைகளாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் சுற்றி ஒரு கெட்டியான சவ்வு. அது லேசில் விரிந்து கொடுக்காது. எலும்பு முறிந்த இடத்தில் ரத்தம் கசிந்து தசை வீங்கும்போது, சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்ததுபோல் உள்ளே அழுத்தம் ஏறும். அதற்கும் மேலே இறுக்கமான மாவுக்கட்டு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தசைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் நசுங்கி ஓட்டம் நின்றுபோகும். அப்படியே சுமார் ஆறு மணி நேரம் கடந்தால் தசை மீளமுடியாமல் சாக ஆரம்பிக்கும். செத்த தசை பிறகு சுருங்கித் தழும்பாகி, விரல்களை உள்ளே இழுத்து மடக்கிவிடும். இறுக்கிக் கட்டிய கட்டுக்குப் பின் கை இப்படி ஆவதை ஜெர்மன் அறுவைசிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் வான் ஃபோல்க்மான் 1881-லேயே எழுதிவைத்தார். இன்றைக்கும் அந்தக் கை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட கைகளை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பழைய பிடி திரும்பி வராது.

இதில் நோயாளியின் வாய்வார்த்தைதான் முதல் அறிகுறி. அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி. இன்னொருவர் அவர் விரலைப் பிடித்து மெதுவாக நீட்டினாலே துடித்துப்போவார். தசை கல்லாக இறுகியிருக்கும். அப்புறம் விரல் மரத்துப்போகும். ஆனால் வார்டில் என்ன சொல்வார்கள்? “நாடி நல்லாத்தான் ஓடுது, விரல் நிறமும் நல்லாத்தான் இருக்கு, கவலைப்படாதீங்க.” இந்த ஆறுதலை நம்பக்கூடாது. பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம், அது கடைசிவரை துடித்துக்கொண்டிருக்கும். சின்னக் குழாய்கள்தான் முதலில் அடைபடும். நாடி நிற்கும்வரை காத்திருந்தால், காப்பாற்ற வேண்டிய தசை கைவிட்டுப் போயிருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு எங்கே, எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சமாதானப்படுத்தவே முடியாத அழுகை, பரபரப்பு, வலி மருந்து மேலும் மேலும் தேவைப்படுவது, இவை மூன்றும்தான் அவர்கள் சொல்லும் புகார். “பிடிவாதம் பிடிக்கிறான்” என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புவதைக் கேட்கும்போது எனக்கு ஆத்திரமே வருகிறது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மாவுக்கட்டை நீளவாக்கில், உள்ளே இருக்கும் பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை பிளந்துவிட வேண்டும். மேல்மாவை மட்டும் கீறிவிட்டுப் பஞ்சை விட்டுவைத்தால் போதாது, ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சும் இறுக்கும். அதற்கும் வலி தணியவில்லையென்றால் சவ்வைக் கீறி அழுத்தத்தை விடுவிக்கும் அவசர அறுவைசிகிச்சை. கட்டைத் திறந்தால் எலும்பு நகர்ந்துவிடுமே என்று தயங்குகிறார்கள். நகரலாம்தான். நகர்ந்த எலும்பை மறுபடி நேராக்கலாம், செத்த தசைக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

வலி கூடுவது மட்டும்தான் எச்சரிக்கை என்றும் நினைக்க வேண்டாம். கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட ஒருவர், குதிகாலில் தீப்பட்டதுபோல் எரிகிறது என்று இரண்டு நாள் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது. “பார்த்தீங்களா, சரியாப்போச்சு” என்றார்களாம். வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது பஞ்சு குதிகாலோடு ஒட்டியிருந்தது. நனைத்து நனைத்து எடுத்தால், அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துப்போயிருந்தது. எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது, அந்தப் புண் ஆறத்தான் மாதக்கணக்கில் ஆனது. ஒரே இடத்தில் கட்டு அழுத்தினால் முதலில் எரியும். பிறகு அந்தத் தோல் உணர்ச்சியிழந்து செத்துவிடும், எரிச்சலும் அதோடு போய்விடும். நின்றுபோன எரிச்சலைக் குணமானதாக எடுத்துக்கொண்டதுதான் அங்கே நடந்த தவறு.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் இன்னொரு ரகம். கையை ஊன்றி விழுந்தவருக்கு, கட்டைவிரலை நிமிர்த்தினால் மணிக்கட்டில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. இடையில் முறிந்தால் மறுபாதிக்கு ரத்தம் கிடைக்காமல் அது செத்துப்போகக்கூடும்.

கட்டைப் பிரித்த பிறகும் கை எரிகிறது, துணி பட்டாலே தாங்கவில்லை, தோல் நிறம் மாறுகிறது, வேர்க்கிறது என்பவர்களிடம், “மனசை வேற எதுலயாவது செலுத்துங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். அடிபட்ட கையிலோ காலிலோ வலி தங்கிவிடும் சிஆர்பிஎஸ் (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்ற உண்மையான நோய் அது. சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

சரி, காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால் என்ன செய்வது? “ரொம்ப வலிக்குது” என்பதோடு நிறுத்தாதீர்கள். நேற்றைவிடக் கூடியிருக்கிறது, மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாகியும் குறையவில்லை, விரலை நீட்டினால் தாங்கவில்லை, இன்ன விரல் மரத்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். “நான் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதுங்கள்” என்று கேளுங்கள். “கட்டு இறுக்கமாக இல்லை என்று எப்படித் தெரிந்தது?” என்றும் கேளுங்கள். டூட்டி டாக்டர் வரவில்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரையன் விதி என்று ஒன்று இருக்கிறது. 2007-இல் கிருமித்தொற்றால் இறந்துபோன, மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் பெயர் அது. பிள்ளையின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. இன்று அங்கே நோயாளியோ குடும்பமோ கேட்டால் வேறொரு மருத்துவரோ நர்ஸோ நிலையை மறுபடி பார்த்தாக வேண்டும். இப்படி ஒரு விதி எல்லா மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரவு டூட்டியில் ஒற்றை நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். வலி என்று கூப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து இருக்காது என்பதும் தெரியும். ஆனாலும் விரலை நீட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வீட்டுக்கு வந்த பிறகு வலி கூடினால் காலையோ கையையோ தலையணைமேல் வைத்து, வலி மாத்திரை போட்டுப் பாருங்கள். அடங்கவில்லையா, விரல் வீங்கி மரத்துப்போகிறதா, அசைக்க முடியவில்லையா, விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். “திங்கட்கிழமை வெளிநோயாளிப் பிரிவுக்கு வாங்க” என்று போனில் யாராவது சொன்னாலும் நேரில் போங்கள். கட்டைத் திறந்து பார்க்கும்வரை அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

நன்றி, வணக்கம்.