கோயிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வர்த்தில் கோயில் மண்டபமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். அம்மாமார்களே, ஐயாமார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே! முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். இங்கே சைக்கிளில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, ஒருவருமில்லை. நானும் காரில்தான் வந்தேன். என் வீட்டிலிருந்து இங்கே ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை.

நம்மில் பலருடைய தாத்தாமார் நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் குடியிருந்து, டர்பன் நகரசபையில் வேலை பார்த்தவர்கள். வீடும் வேலையும் பக்கம் பக்கமாக இருந்தன. 1950இல், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் குடியேற்றும் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. அறுபதுகளில் நம் ஆட்களை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், வேலை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அப்போதிருந்து பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டாக்சிக்கும் அழுதுகொண்டிருக்கிறோம். அந்தத் தூரத்தை சைக்கிளால் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் நம் சாட்ஸ்வர்த்தின் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நான் பேச வந்தது சைக்கிளில் போகக்கூடிய சின்னத் தூரங்களைப் பற்றி. பள்ளிக்கூடம், கிளினிக், ரயில் நிலையம், இந்தக் கோயில்.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்தின் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர், 2006இல் ஊராரை நாலாகப் பிரித்தார். எந்த ரோட்டிலும் அஞ்சாமல் ஓட்டுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஓரளவு தைரியசாலிகள் ஏழு பேர். முப்பத்து மூன்று பேர் என்ன செய்தாலும் ஏற மாட்டார்கள். மீதி அறுபது பேருக்கு ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. இது அவர் அனுபவத்தில் போட்ட குத்துமதிப்புக் கணக்கு. ஆனால் பிறகு அங்கே போன் போட்டுக் கேட்ட ஆய்வாளர்களுக்கும் இந்தக் கடைசிக் கூட்டமே பாதிக்கு மேல் வந்தது.

அந்த அறுபது பேரை நேரில் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை நம் கடற்கரை நடைபாதைக்குப் போங்கள். பேத்தி முன்னால் ஓட்ட, பின்னால் ஆயா ஓட்டுகிறார். அங்கே கார் வராது, அவ்வளவுதான் விஷயம்.

ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டு சைக்கிள் பாதை என்று சொன்னால் அந்த ஆயா வர மாட்டார். ஒருமுறை நகரத்தில் அப்படியொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். இருநூறு மீட்டரில் அது ஒரு மினிபஸ் டாக்சியின் பின் பம்பரில் போய் முட்டியது. டிரைவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் ஏற்ற அவருக்கு வேறு இடம் ஒதுக்கியிருந்தால்தானே!

ஸ்பெயினில் செவில் நகரம் 2006க்குப் பின் சில வருடங்களில், காரிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளை விட்டு விட்டுப் போடாமல், ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத சைக்கிள் பயணம் ஐந்து, ஆறு என்று ஏறியது. அது சமதரை, நமது மேடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி சைக்கிளுக்கு மேடு பெரிய விஷயமில்லை. அதன் விலைதான் மேடு.

கவுன்சிலரிடம் கேட்கப் போவது இரண்டே. பள்ளிக்கூடத்திலிருந்து ரயில் நிலையம்வரை தடுப்புக் கல் வைத்த ஒரு பாதை, நிலையத்தில் பூட்டி வைக்கக் காவலோடு ஓர் இடம். வெறுங்கையோடு போனால் மதிக்க மாட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நிலைய வாசலில் நின்று, யார் யார் எங்கிருந்து எப்படி வருகிறார்கள் என்று எண்ணப் போகிறேன். துணைக்கு வருகிறவர்கள் தொப்பி எடுத்து வாருங்கள். அங்கே நிழல் கிடையாது.