லேகிங்கா, லேக்கிங்கா?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். எல், ஏ, ஜி: லேக். கூட வருகிறவர்களோடு ஒட்டிப் போக முடியாமல் பின்தங்குவது என்று பொருள்.

கல்லூரி மாணவர்கள் எழுதும் கடிதங்களை வருடக்கணக்காகத் திருத்தி வருகிறேன். காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த மாணவர், விட்டுப்போன பாடங்களுக்குத் தனி வகுப்பு கேட்டு எழுதுவார். அதில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்: 'ஐ ஆம் லேக்கிங் பிஹைண்ட் தேன் மை க்ளாஸ்மேட்ஸ்.' காதால் கேட்டால் சரி போலத்தான் இருக்கும். தாளைப் பார்த்தால் எல், ஏ, சி, கே என்று எழுதியிருப்பார். அது வேறு சொல். 'இல்லாதிருப்பது' என்று பொருள் தருவது. 'வீ லேக் ஃபண்ட்ஸ்' என்றால் எங்களிடம் பணம் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பிஹைண்ட் வரவே வராது.

இந்தக் குழப்பம் கவனக்குறைவால் வருவதில்லை. நம் காது பழகிய விதம் அப்படி. தமிழ்ச் சொல் எதுவும் 'க்' என்ற ஒலியில் முடிவதில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஜி இருந்தாலும் கே இருந்தாலும் நமக்கு ஒன்றுபோலக் கேட்கிறது. எழுதும்போதும் அப்படித்தான். பிள்ளை தோளில் மாட்டிக்கொண்டு போவதும் 'பேக்', வண்டியின் பின்புறமும் 'பேக்'. ஆங்கிலத்தில் முதலாவது ஜியில் முடிகிறது, இரண்டாவது சி, கேயில் முடிகிறது.

ஆனால் இதைப் பிரித்துச் சொல்லும் வழியும் தமிழிலேயே இருக்கிறது. 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'பக்கம்' என்று சொல்லுங்கள். ஒற்றைக் ககரம் மெலிந்து ஒலிக்கிறது, இரட்டித்தால் வலுத்துவிடுகிறது. இதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். பின்தங்குவது லேகிங், பகலில் வருகிற ககரம். இல்லாதிருப்பது லேக்கிங், பக்கத்தில் வருகிற ககரம். எழுத்தில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லேகிங், லேக்டு என்று எழுதும்போது ஆங்கிலத்தில் இரண்டு ஜி போட வேண்டும். ஒலி மெலிந்தாலும் எழுத்து இரட்டிக்கும். இது ஆங்கில எழுத்துமுறையின் வழக்கம். நம் ககரக் கணக்கை அங்கே போடக் கூடாது.

அந்தக் கடித வரியில் இன்னொரு தவறும் இருக்கிறது. 'தேன்' எங்கிருந்து வந்தது? 'மற்றவர்களை விடப் பின்தங்கியிருக்கிறேன்' என்று மனதில் ஓடுகிறது. அதில் உள்ள 'விட' ஆங்கிலத்தில் தேன் ஆகிவிடுகிறது. சிலர் 'ஃப்ரம்' போடுவார்கள். இரண்டுமே வேண்டாம். யாருக்குப் பின்னால் என்பதைச் சொல்லும் வேலையை பிஹைண்ட் ஒன்றே முடித்துவிடுகிறது. அதை அடுத்து நேரே ஆளின் பெயரைப் போட வேண்டியதுதான். எதில் பின்தங்கினார் என்பதற்கு 'இன்' வரும். 'ஷி லேக்ஸ் பிஹைண்ட் தி அதர்ஸ் இன் மேத்ஸ்.' கணக்கில் மற்றவர்களை விடப் பின்தங்கியிருக்கிறாள். அவ்வளவுதான்.

பிஹைண்ட் இல்லாமலும் இந்தச் சொல் வருவதுண்டு. ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ எலெக்ட்ரிகல் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மோட்டார் போல உள்ளே கம்பிச் சுருள் வைத்த கருவிகளில் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போன பிறகு சற்றுத் தாமதித்துத்தான் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகிறது. அதை 'கரண்ட் லேக்ஸ் தி வோல்டேஜ்' என்று பாடத்தில் படிப்பார்கள். வயல் கிணற்று பம்ப்செட்டுக்கு கெபாசிட்டர் மாட்டச் சொல்வது இந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான். பொருளாதாரச் செய்தியிலும் 'வேஜஸ் லேக் இன்ஃப்ளேஷன்' என்று வரும். விலைவாசி ஏறும் வேகத்துக்குக் கூலி ஏறவில்லை என்று அர்த்தம்.

அடுத்து இதன் பங்காளிச் சொல், டிரெயில். வாக்கு எண்ணும் நாளில் நம் தொலைக்காட்சிகளில் முன்னிலை, பின்னடைவு என்று ஓடுகிறதே, ஆங்கிலச் சேனலில் அந்தப் பின்னடைவு 'டிரெயிலிங்'. போட்டி நடந்துகொண்டிருக்க வேண்டும், எண்ணிக்கையும் இருக்க வேண்டும், அந்த இடத்துக்கு டிரெயில் பொருந்தும். எவ்வளவு என்பதற்கு 'பை' போட வேண்டும். 2001 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்த டெஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. ஃபாலோ ஆன், அதாவது உடனே இந்தியாவே மறுபடியும் ஆட வேண்டிய நிலை. அந்த நேரத்து நிலையை ஆங்கில வர்ணனை நடையில் சொன்னால் 'இந்தியா டிரெயில் பை 274 ரன்ஸ்'. அணியைப் பன்மையாகப் பார்ப்பதால் 'டிரெயில்ஸ்' என்று எஸ் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகுதான் லக்ஷ்மண் 281, டிராவிட் 180 அடித்தார்கள். 171 ரன் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. டிரெயில் என்பது அந்த நிமிடத்து ஸ்கோரை மட்டும் சொல்கிற சொல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லேக் என்றாலோ வேகமே போதவில்லை, இடைவெளி நீடிக்கிறது என்கிற தொனி வந்துவிடும்.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'செகண்ட் ஹாஃப் ரொம்ப லேக்' என்கிறார்கள். தமிழ்ப் பேச்சில் அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆங்கிலத்தில் சொல்லும்போது மட்டும் 'தி செகண்ட் ஹாஃப் டிராக்ஸ்' என்று சொல்லுங்கள். டி, ஆர், ஏ, ஜி: இழுப்பது என்று பொருள். செல்போனில் படம் நின்று நின்று ஓடினால் 'தி வீடியோ இஸ் லேகிங்' என்பது சரியான ஆங்கிலம்தான்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் அட்டையில் 'லேகிங் பிஹைண்ட்' என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். எந்தப் பாடத்தில் என்று இன் போட்டு எழுதுங்கள். அப்பா அம்மா அந்த அட்டையைப் பார்க்கும்போது பிள்ளைக்கு எல்லாப் பாடத்திலும் ஒன்றும் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பாவம், பின்னங்கள் மட்டும் புரியாத குழந்தையாக இருக்கும்.

சரி, அந்தக் காய்ச்சல் மாணவர் என்ன எழுதலாம்? ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தவர் நடுவில் தடுக்கி நின்றால் அதற்கு 'ஃபால் பிஹைண்ட்' இன்னும் பொருத்தம். திரும்பி எட்டிப் பிடிப்பதற்கு 'கேட்ச் அப்', அதோடு 'வித்'. ஆக, கடிதத்தை இப்படி எழுதலாம்: 'ஐ ஹேவ் ஃபாலன் பிஹைண்ட் இன் மை ஸ்டடீஸ் பிகாஸ் ஆஃப் ஃபீவர். ப்ளீஸ் ஹெல்ப் மீ கேட்ச் அப் வித் மை க்ளாஸ்மேட்ஸ்.' வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.